சில ரீவி சீரீஸ் மட்டும் புளூரேயில பளிச்செண்டு வருது, மற்றதெல்லாம் ஏன் வரேல்ல?

1951இல தொடங்கின ‘ஐ லவ் லூசி’ எண்ட அமெரிக்க நகைச்சுவை நாடகத்தின்ர முதல் சீசன் 2014இல புளூரேயில (டிவிடிக்குப் பிறகு வந்த எச்டி டிஸ்க்) வந்தது. கறுப்பு வெள்ளைதான், ஆனா ஆக்கள் போட்டிருக்கிற உடுப்பின்ர இழை கூடத் தெரியிற அளவுக்கு வடிவு. அதுக்கு 42 வருசம் பிந்தி, 1993இல தொடங்கின ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ இன்னும் டிவிடியோடதான் நிக்குது, 55 இஞ்ச் ரீவியில போட்டுப் பாத்தா முகமெல்லாம் கரைஞ்சு போய்க் கிடக்கும். பழசு மங்கல், புதுசு தெளிவு எண்டு நாங்கள் மனசில வச்சிருக்கிற கணக்கு இதில சரிவராது. சனத்துக்குப் பிடிச்சுதா இல்லையா எண்டதும் அரைவாசிக் காரணம்தான். முதல் கேள்வி அந்த நாடகத்தை வெட்டி ஒட்டி முடிக்கேக்க பிலிமில முடிச்சவையா ரேப்பில முடிச்சவையா எண்டதுதான். காசு, உரிமை, பாட்டு எண்டு மற்றச் சிக்கலெல்லாம் அதுக்குப் பிறகுதான் வரும்.

எச்டி எண்டா என்ன எண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போவம், தெரிஞ்ச ஆக்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ. ரீவிப் படம் எண்டுறது சின்னச் சின்னப் புள்ளியளின்ர கூட்டம். 1982இல ரூபவாஹினி தொடங்கின காலத்தில இருந்து எங்கட இலங்கையில இருந்தது பால் எண்ட முறை, அதில கண்ணுக்குத் தெரியிற வரி 576. அமெரிக்காவில, ஜப்பானில என்ரிஎஸ்சி, அதில 480 வரிதான். டிவிடியும் இதே அளவுதான், பால் டிவிடி ஒண்டில 720க்கு 576, கூட்டிப் பாத்தா நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. புளூரேயில இருக்கிறதுதான் எச்டி, 1920க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல, கணக்குப் பாத்தா சரியா அஞ்சு மடங்கு. டிஸ்க்கில இடமும் தாராளம், ஒரு படை எண்டா 25 ஜிபி, ரெண்டு படை எண்டா 50 ஜிபி, டிவிடியில ரெண்டு படை போட்டாலும் 8.5 ஜிபிக்கு மேல போகாது. அப்ப இடம் ஒரு பிரச்சினையே இல்ல, அந்த இடத்தை நிரப்பிறதுக்கு உண்மையான படம் எங்கயாவது இருக்கா எண்டதுதான் பிரச்சினை. டிவிடியில இருக்கிறதையே இழுத்துப் பெருப்பிச்சு புளூரேயில போட்டா புள்ளி கூடும், விவரம் கூடாது.

எண்பதுகளில கலியாணம் கட்டின ஆக்களின்ர வீட்டில போய்ப் பாருங்கோ, ஒரு போட்டோ அல்பமும் இருக்கும், ஒரு வீஎச்எஸ் கசெற்றும் இருக்கும். போட்டோ எடுத்த ஸ்ரூடியோக்காரர் அந்த நெகற்றிவ்வைக் கவனமா வச்சிருந்தா (எங்கட பக்கம் அது பெரிய ‘இருந்தா’, எத்தினை ஸ்ரூடியோ இடம்பெயர்வோட போச்சு) இண்டைக்கும் அதை ஸ்கான் பண்ணி சுவர் அளவுக்குப் பிறின்ற் போடலாம், பொம்பிளையின்ர சீலைக் கரை கூட எண்ணலாம். கசெற்றை என்ன செய்தாலும் அதுக்குள்ள இருக்கிறது அவ்வளவுதான், ஏனெண்டா கமராவே அண்டைக்கு அவ்வளவைத்தான் கண்டது. ரீவி நாடகத்திலயும் இதே கதைதான். 35 எம்எம் பிலிமில எடுத்ததை இண்டைக்கு 4கே (எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளி) வரைக்கும் ஸ்கான் பண்ணலாம், 16 எம்எம் எண்டாலும் 1080க்குப் போதுமான விவரம் இருக்கும், படத்தில பொடிப்பொடியாத் தெரியிற குருணை மட்டும் கொஞ்சம் கூடவா இருக்கும். வீடியோ ரேப்பில இருக்கிறது 480 அல்லது 576 வரிக்கான மின் சிக்னல். அதுக்கு மேல தோண்டி எடுக்க அதுக்குள்ள ஒண்டும் இல்ல.

லூசி நாடகம் ஏன் தப்பிச்சுது எண்டதும் இதாலதான், அதுவும் ஒருத்தரும் எச்டியை நினைச்சுச் செய்யேல்ல. அந்த நாளில அமெரிக்க நாடகங்கள் பெரும்பாலும் நியூயோர்க்கில இருந்து நேரடியாப் போகும், மற்றக் கரையில இருக்கிற சனத்துக்கு ரீவித் திரையையே பிலிம் கமராவால எடுத்து அனுப்புவினம், கினெஸ்கோப் எண்டு பேர், பாக்கேலாத மங்கல். லூசில் போலும் அவவின்ர புருசன் டெசி ஆர்னாஸும் லொஸ் ஏஞ்சல்சை விட்டு வரமாட்டம் எண்டு நிண்டினம், விளம்பரம் குடுத்த சிகரெட் கொம்பனிக்கு கிழக்குக் கரையில நல்ல படம் வேணும். கடைசியில சினிமா எடுக்கிற மாதிரி 35 எம்எம் பிலிமில, மூண்டு கமரா வச்சு, முன்னால சனத்தை இருத்தி எடுக்கிறதெண்டு முடிவாச்சு. சிலவு கூடினதுக்காக ரெண்டு பேரும் சம்பளத்தைக் குறைச்சு வாங்கி, அதுக்குப் பதிலா பிலிமின்ர உரிமையைத் தங்கட கொம்பனிக்கு எழுதி வாங்கிட்டினம். ரீவி வரலாற்றில இதைப் போல கெட்டிக்கார வியாபாரம் குறைவு எண்டுதான் நான் சொல்லுவன். ஏனெண்டா அண்டைக்கு ஒருக்காப் போன நாடகத்தைத் திரும்பப் போட்டுக் காசு பாக்கலாம் எண்டு கனபேர் நினைக்கவே இல்ல.

அறுபதுகளில வந்த கனக்க அமெரிக்க நாடகங்கள் இப்பிடித்தான், பிலிமில எடுத்து பிலிமிலயே வெட்டி ஒட்டி முடிச்சவை. 1966 தொடக்கம் 69 வரை போன முதலாவது ஸ்டார் ட்ரெக்கும் அப்பிடித்தான், அதால 2009இல புளூரேயில வாறதுக்கு அடிப்படைப் படம் தயாரா இருந்தது. வில்லங்கம் எண்பதுகளில தொடங்கினது. படம் எடுக்கிறது பிலிமில, ஆனா எடுத்த உடனை அதை ரேப்புக்கு மாத்தி, எடிற்றிங், ஸ்பெசல் எபெக்ற், ரைற்றில் எல்லாம் ரேப்பிலயே செய்து முடிச்சினம். கெதியா முடியும், மலிவு, அண்டைக்கு வீட்டில இருந்த ரீவிக்கு அது தாராளம். அவையைக் குறை சொல்லவும் ஏலாது. நாங்களும் இஞ்ச கரண்ட் இல்லாத காலத்தில ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கொப்பிக்குக் கொப்பி அடிச்ச கசெற்றைப் போட்டு விடிய விடியப் பாத்தனாங்கள், ஒருத்தரும் எழும்பி ‘படம் மங்கல்’ எண்டு சொல்லேல்ல.

இந்த ரெண்டுங்கெட்டான் வகைதான் கனபேருக்கு விளங்காத இடம். ‘அது பிலிமில எடுத்தது தானே, பிறகென்ன எச்டியில விடலாமே’ எண்டு கேப்பினம். எடுத்தது பிலிமிலதான், ஆனா நீங்கள் ரீவியில பாத்த அந்த முழு எபிசோட் பிலிமில எண்டைக்குமே இருக்கேல்ல, அது ரேப்பில மட்டும்தான் இருந்தது. பிலிம் எண்டு இருக்கிறது வெட்டாத துண்டு துண்டுச் சுருள்கள்.

இதுக்கு எல்லாரும் சொல்லுற உதாரணம் ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேசன்’. 1987இல இருந்து 94 வரை 7 சீசன், 178 எபிசோட். இதை எச்டி ஆக்குவம் எண்டு அதை வச்சிருந்த சிபிஎஸ் கொம்பனி வெளிக்கிட்டபோது செய்ய வேண்டி வந்த வேலையைக் கேட்டா தலை சுத்தும். 25,000க்கு மேற்பட்ட பிலிம் சுருளுக்குள்ள இருந்து ஒவ்வொரு காட்சிக்கும் திரும்பத் திரும்ப எடுத்ததுகளுக்குள்ள அண்டைக்குத் தெரிஞ்செடுத்த சரியான ரேக்கைத் தேடிப் பிடிக்கோணும், ஸ்கான் பண்ணோணும், பழைய ரேப்பைப் பக்கத்தில ஓடவிட்டு ஒரு பிரேம் பிசகாம திரும்ப எடிற் பண்ணோணும். அது முடிய எபெக்ற். கப்பல் பறக்கிற ஒரு காட்சி எண்டா மொடல் கப்பலை பிலிமில கனதரம் எடுத்திருப்பினம், கப்பலுக்கு ஒருக்கா, யன்னல் லைற்றுக்கு ஒருக்கா, எஞ்சின் வெளிச்சத்துக்கு ஒருக்கா எண்டு, அதையெல்லாம் அண்டைக்கு ரேப்பிலதான் ஒண்டாக்கினவை, அப்ப இதையும் ஆரம்பத்தில இருந்து திரும்ப ஒண்டாக்கோணும். துவக்கில இருந்து பாயிற கதிர் மாதிரிச் சாமானுகள் பிலிமிலயே இல்ல, வீடியோவில கீறினது, அது புதுசாக் கீறோணும். பிறகு நிறம், பிறகு சத்தம். ஒரு சில இடத்தில பிலிம் கடைசி வரை அம்பிடேல்ல, அந்தச் செக்கன்களுக்குப் பழைய ரேப்பைப் பெருப்பிச்சு ஒட்டியிருக்கினம், பாக்கேக்க திடீரெண்டு படம் மங்கித் திரும்பத் தெளியும், அதுதான் அந்த இடம்.

2012இல முதல் சீசன் வந்தது, 2014 கடைசியில ஏழாவது. வேலை அருமை, அதில ரெண்டாம் கதை இல்ல. ஆனா போட்ட காசுக்கு ஏத்த மாதிரி பெட்டிகள் விக்கேல்ல, ஏனெண்டா அந்த ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ளதான் சனம் டிஸ்க் வாங்கிறதை விட்டிட்டு நெற்பிளிக்ஸ் பக்கம் போனது. அதாலதான் அடுத்த ரெண்டு ஸ்டார் ட்ரெக்கும், 176 எபிசோட் கொண்ட டீப் ஸ்பேஸ் நைனும் 172 எபிசோட் கொண்ட ‘வோயேஜரும்’ அலுமாரியில கிடக்கு. அவையிலயும் பிலிம் இருக்கு. டீப் ஸ்பேஸ் நைன் பற்றி ரசிகர்களின்ர காசில எடுத்த ஆவணப்படம் ஒண்டுக்காகக் கொஞ்சக் காட்சியை எச்டிக்கு மாத்திக் காட்டினவை, பாத்த ஆக்களுக்கு வாயூறினதுதான் மிச்சம். கூடுதல் கஸ்ரம் எண்டா, இந்த ரெண்டிலயும் போகப்போக மொடல் கப்பலை விட்டிட்டு கொம்பியூட்டரில கப்பல் கீறத் தொடங்கிட்டினம், அதுகும் அண்டைய ரீவி அளவுக்குத்தான் கீறினது. மொடலுக்கு எண்டா பிலிம் இருக்கும். கொம்பியூட்டர் கப்பலுக்கு பைல் தொலைஞ்சா திரும்ப முதல்ல இருந்து கட்டோணும்.

அதே 1993இல தொடங்கின ‘எக்ஸ் பைல்ஸ்’ 2015 கடைசியில முழுசா புளூரேயில வந்திட்டுது. அதுவும் பிலிமில எடுத்தது, அதுக்கும் நெகற்றிவ்வைத் தேடிப் போய்த்தான் எச்டி ஆக்கினவை. வித்தியாசம் என்னெண்டா அது காட்டுக்குள்ளயும் இருட்டு வீட்டுக்குள்ளயும் ரெண்டு பேர் ரோச் அடிச்சுக்கொண்டு திரியிற நாடகம், ஒவ்வொரு எபிசோட்டிலயும் விண்கப்பல் சண்டை இல்ல. போதாக்குறைக்கு அடுத்த வருசம் புது சீசனும் வர இருந்தது. எபெக்ற் குறைஞ்சா சிலவு குறையும், ஆராவது புதுசா அந்த நாடகத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தா விற்பனை கூடும். ஒரு சீரீஸுக்கு டிஸ்க் வருமா வராதா எண்டு ஊகிக்கிறதெண்டா நான் முதல்ல பாக்கிறது இந்த ரெண்டையும்தான்.

‘பாபிலோன் 5’ நடுவழியில ஒரு முடிவு எடுத்தது. அதின்ர ஆக்கள் வாற காட்சி பிலிம், விண்வெளிக் காட்சி முழுக்க அந்தக் காலத்துக் கொம்பியூட்டர் கிராபிக்ஸ். 2023 டிசம்பரில வந்த புளூரேயில பிலிம் பகுதியைப் புதுசா ஸ்கான் பண்ணிப் போட்டு, கப்பல் காட்சியைப் பழைய அளவில இருந்து பெருப்பிச்சு விட்டிருக்கினம். ஒரு காட்சி கண்ணில ஒத்திற தெளிவு, அடுத்த காட்சி மொத்தை. எனக்கு அது பிழையாத் தெரியேல்ல. எல்லாம் சரியா வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா ஒண்டுமே வராது.

காசு சிலவழிச்சும் கெடுத்த இடங்களும் இருக்கு. பழைய ரீவி 4:3, கிட்டத்தட்டச் சதுரம். இப்பத்த ரீவி 16:9, அகலம். பிலிம் ஸ்கான் பண்ணேக்க அண்டைக்கு ரீவியில காட்டாத பக்க ஓரங்களும் சில வேளை தெரியும், அதை வச்சு அகலமாக்கலாம் எண்டு நினைப்பினம், அந்த ஓரத்தில லைற்றும் மைக்கும் வேலைக்காரரும் நிக்கிறது பிறகுதான் தெரியும். ‘பபி த வம்பயர் ஸ்லேயருக்கு’ இதுதான் நடந்தது. அமெரிக்காவில ரீவியில போன அந்த எச்டிப் பதிப்பில எடுப்புக்காரர் பிரேமுக்குள்ள நிக்கினம், இரவுக் காட்சிக்கு நீலம் சேக்காம விட்டதால பட்டப்பகலில பேய் நடமாடுது. சனம் கழுவிக் கழுவி ஊத்தினது, புளூரே வரவே இல்ல. பக்கத்தில படம் இல்லாட்டி மேலயும் கீழயும் வெட்டுவினம். ‘சைன்பெல்ட்’ 2021இல நெற்பிளிக்ஸுக்கு வரேக்க றோட்டில இருக்கிற கிடங்கைப் பற்றின ஒரு எபிசோட்டில அந்தக் கிடங்கே வெட்டுப்பட்டுப் போச்சு, பிறகென்ன பகிடி. ஒழுங்காச் செய்தவையும் இருக்கினம், ‘த வயர்’ 4:3இல எடுத்தது, 2014இல அகலமாக்கேக்க அதை உருவாக்கின டேவிட் சைமனே கிட்ட இருந்து காட்சி காட்சியாப் பாத்து, சில இடத்தில நல்லா வந்திருக்கு, சில இடத்தில பழசுதான் திறம் எண்டு வெளிப்படையா எழுதினவர். என்னைக் கேட்டா 4:3இல எடுத்ததை 4:3இலயே விடோணும், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வந்தா என்ன குறைஞ்சிடும்?

பிரித்தானியாப் பக்கம் வேற விதம். அவை ஸ்ரூடியோவுக்குள்ள நடக்கிறதை வீடியோ ரேப்பிலயும் வெளியில நடக்கிறதை 16 எம்எம் பிலிமிலயும் எடுத்தவை. பழைய ‘டொக்டர் ஹூ’ பாத்தா ஆள் கதவைத் திறந்து வெளியில வந்த உடனை படத்தின்ர தன்மையே மாறும். ரேப் பகுதியை எச்டி ஆக்க வழியே இல்ல. 1970இல ஜோன் பெர்ட்வி டொக்டரா முதல் முதலா நடிச்ச கதைக்கு ஸ்ரூடியோவில வேலைநிறுத்தம், வேற வழியில்லாம முழுக்க வெளியில 16 எம்எம்மில எடுத்தவை. அந்த வேலைநிறுத்தத்தின்ர புண்ணியத்தில பழைய டொக்டர் ஹூவில அந்த ஒரு கதை மட்டும் 2013இல உண்மையான எச்டியா புளூரேயில வந்தது. மற்ற சீசனுகளும் 2018இல இருந்து புளூரேப் பெட்டியா வருது, ஆனா அது பெருப்பிச்ச படம், நல்லாத் துப்பரவாக்கிப் பெருப்பிச்ச படம். இன்னும் கொடுமை எண்டா அந்தக் காலத்தில ரேப் விலை எண்டதால பிபிசி பழைய நாடகத்தை அழிச்சிட்டு மேல புதுசு பதிஞ்சது. அறுபதுகளின்ர டொக்டர் ஹூவில 90க்கு மேற்பட்ட எபிசோட் படம் இல்லாமப் போச்சு, ரசிகர்கள் அந்த நாளில வீட்டில ரீவிக்கு முன்னால பதிஞ்சு வச்ச சத்தம் மட்டும் மிஞ்சிக் கிடக்கு.

எங்கட ஆக்கள் அடுத்துக் கேப்பினம், அப்ப எங்கட நாடகம்? ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ பாக்கிற நேரம் றோட்டில ஆள் நடமாட்டமே இருக்காது, அப்பிடிப் பாத்த நாடகத்துக்கு ஏன் ஒரு நல்ல டிஸ்க் பெட்டி இல்ல? மெட்டி ஒலி 2002இல இருந்து 2005 வரை போனது, 800 எபிசோட்டுக்கு மேல. தினமும் ஒண்டு குடுக்கிற நாடகத்தைப் பிலிமில எடுக்கக் கட்டாது, அது வீடியோ, சன் ரீவிக்கு எச்டி சனலே 2011இலதான் வந்தது. அப்ப தோண்டி எடுக்க நெகற்றிவ் எண்டு ஒண்டு இல்ல. சரி எச்டி எண்டு நினைச்சாலும் கணக்கைப் பாருங்கோ, விளம்பரம் கழிச்சு ஒரு எபிசோட் 20 நிமிசம் எண்டு வச்சா 260 மணித்தியாலத்துக்கு மேல போகும், நல்ல தரத்தில 50 ஜிபி டிஸ்க் ஒண்டில நாலரை மணித்தியாலம்தான் கொள்ளும், அப்ப அறுபது டிஸ்க். அந்தப் பெட்டியை ஆர் தூக்கிறது, ஆர் வாங்கிறது? அமெரிக்காவில ஒரு சீசன் எண்டா 22, 24 எபிசோட், அஞ்சு ஆறு டிஸ்க்கில அடங்கும், ஒவ்வொரு வருசமும் ஒரு பெட்டியா விக்கலாம். எங்கட நாடகத்துக்குச் சீசனே இல்ல, தொடங்கினா முடியிற வரை ஒரே ஓட்டம்தான்.

ஆனா இதில ஒரு குறுக்கு வழி இருக்கு, ஏன் ஆரும் செய்யினமில்லை எண்டு எனக்கு ஆதங்கம். புளூரே டிஸ்க்கில எச்டிதான் போடோணும் எண்டு சட்டம் இல்ல. பழைய அளவுப் படத்தையே கெடுக்காம அப்பிடியே போடலாம், ஜப்பானில பழைய கார்ட்டூன் தொடருகளை இப்பிடி விட்டிருக்கினம். அப்பிடிப் போட்டா ஒரு டிஸ்க்கில 20 மணித்தியாலத்துக்கு மேல கொள்ளும், மெட்டி ஒலி முழுக்கப் பன்ரண்டு பதின்மூண்டு டிஸ்க்கில முடிஞ்சிடும். யூரியூப்பில ஓசியில கிடக்கிறதுக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டுதான் கொம்பனி கேக்கும். கேக்கிறது நியாயம்தான், ஆனா யூரியூப்பில இருக்கிறது நெருக்கி நெருக்கி நசிஞ்ச படம், மூல ரேப் இதைவிட எவ்வளவோ திறமா இருக்கும், அந்த ரேப்பும் சும்மா வச்சிருக்க வச்சிருக்கப் பழுதாகிற சாமான்.

படம் கையில தயாரா இருந்தும் வெளியில வராததுக்கு இன்னொரு காரணம் உரிமை. பழைய நாடகத்தில பின்னால ஒரு பாட்டுப் போகும், அந்தப் பாட்டுக்கு அண்டைக்கு ரீவியில போடுறதுக்கு மட்டும்தான் காசு கட்டியிருப்பினம், வீட்டுக்கு விக்கிற டிஸ்க் எண்ட ஒண்டை ஒப்பந்தத்தில எழுதியிருக்காது. டிஸ்க் விடோணும் எண்டா ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்ப ஆளைத் தேடிப் பேரம் பேசோணும். ‘த வொண்டர் இயர்ஸ்’ 1993இல முடிஞ்ச நாடகம், அறுபதுகளின்ர பாட்டுகள் நிறைஞ்சது, அது டிவிடியில வாறதுக்கே 2014 ஆச்சு. சிலர் பாட்டை மாத்திப்போட்டு விடுவினம், அதைப் பாக்கிறதும் பாக்காம விடுறதும் ஒண்டுதான். 1966இன் ‘பட்மன்’ வேற பிடுங்குப்பாடு, நாடகத்தை எடுத்தது பொக்ஸ், அந்தப் பாத்திரம் வார்னரின்ர கையில, ரெண்டு பேரும் ஒத்துவர 2014 நவம்பர் ஆனது. 35 எம்எம் பிலிம் அத்தனை வருசமும் பத்திரமா இருந்தது, கையெழுத்துத்தான் இல்ல.

இப்பத்தைய புது சீரீஸுக்கு இந்தத் தொல்லை ஒண்டும் இல்ல, கனக்க 4கேயில எடுத்து 4கேயில முடிக்கிறது, அப்ப ஏன் டிஸ்க் இல்ல? இதுக்குக் காரணம் நேர எதிர்ப்பக்கம். சீரீஸை வச்சிருக்கிற கொம்பனிக்கு நீங்கள் டிஸ்க் வாங்கிப்போட்டு சந்தாவை நிப்பாட்டிறது விருப்பமில்லை. மாசாமாசம் காசு வாறதை விட்டிட்டு ஒருக்கா மட்டும் வித்து என்ன லாபம் எண்டு நினைக்கினம். டிஸ்க் அடிக்கிறதும் சும்மா இல்ல, மெனு செய்யோணும், உபதலைப்புப் போடோணும், அச்சு வார்க்கோணும், புளூரேக்கு எண்டு கட்டாயமான பாதுகாப்புப் பூட்டுக்கு லைசன்ஸ் காசு கட்டோணும் (டிவிடிக்கு இது இல்ல, அதாலதான் சின்னக் கொம்பனியள் டிவிடியோட நிக்கினம்), விக்காட்டி அடுக்கி வைக்கக் களஞ்சியமும் வேணும். டிஸ்னி பிளஸில 2022இல வந்த ‘வில்லோ’ சீரீஸை அடுத்த வருசம் மே மாசம் தூக்கிப்போட்டினம், டிஸ்க்கும் இல்ல, காசு கட்டினாலும் பாக்கேலாது. அதே டிஸ்னி அதே 2023 கடைசியில ‘வாண்டாவிஷன்’, ‘மண்டலோரியன்’ ரெண்டையும் 4கே டிஸ்க்கில வித்தது. சேர்த்து வைக்கிற ரசிகர் இருக்கிற சாமான் எண்டா விக்கும் எண்டு அவைக்குத் தெரியும், மற்றதுக்குத் தெரியாது, அதால விட்டிடுவினம். நெற்வேர்க் நல்லா இருந்தாலும் ஸ்ட்ரீமிங்கில 1080 எண்டு போடுறது டிஸ்க்கின்ர 1080க்குக் கிட்டவும் வராது, ஒரு செக்கனுக்கு அனுப்பிற தகவல் அவ்வளவு குறைவு. இருட்டுக் காட்சியில கறுப்பு கட்டங் கட்டமாத் தெரியுதெண்டா உங்கட ரீவி பழுதில்லை, அதுதான் காரணம்.

வாங்கிற எண்ணம் இருக்கிற ஆக்களுக்கு இப்ப ரெண்டு சொல்லு. ‘புளூரே’ எண்டு பெட்டியில போட்டிருந்தா உள்ளுக்க எச்டி எண்டு நம்பாதேங்கோ. நெகற்றிவ்வில இருந்து புதுசா ஸ்கான் பண்ணினது எண்டா அதைப் பெருமையாப் பெட்டியில எழுதியிருப்பினம், ஒண்டும் எழுதாம ‘ரீமாஸ்ரர்’ எண்டு மட்டும் இருந்தா ரேப்பைப் பெருப்பிச்சதாவும் இருக்கலாம். இப்ப செயற்கை நுண்ணறிவால பெருப்பிச்சதும் வருது, தூர இருந்து பாத்தா தெளிவு, கிட்டப் போனா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி, பின்னால நிக்கிற ஆக்களுக்குப் பல்லு எங்க உதடு எங்க எண்டு தெரியாது. எழுபதுகளின்ர பிரித்தானிய ஸ்ரூடியோ நாடகம் எண்டா அதில உண்மை எச்டியை எதிர்பாக்கவே வேண்டாம்.

மற்றது வலயம். முந்திக் கனடாவில இருந்து சொந்தக்காரர் அனுப்பின கலியாணக் கசெற் இஞ்ச டெக்கில போட்டா நிறமில்லாம ஓடினது நினைவிருக்கும், அது என்ரிஎஸ்சி, எங்கட டெக் பால். புளூரேயில அது ஏ, பி, சி எண்டு மூண்டு வலயம். கனடாவும் அமெரிக்காவும் ஏ, லண்டன், பாரிஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா பி, நாங்களும் இந்தியாவும் சி. எங்கட குடும்பங்கள் மூண்டிலயும் பரவிக் கிடக்கு, ஆனா டிஸ்க் பூட்டிக் கிடக்கும். ஏ பிளேயருக்குள்ள பி டிஸ்க் போட்டா மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். எல்லா டிஸ்க்கும் பூட்டினதில்லை, சிலது மூண்டிலயும் ஓடும், 4கே டிஸ்க்குக்கு வலயமே கிடையாது, ஆனா அதே பெட்டிக்குள்ள கூட வாற சாதாரண புளூரே பூட்டினதா இருக்கலாம். வலயம் சியில ஆங்கில சீரீஸ் பெட்டி எண்டு விக்கிறது மிச்சம் குறைவு, யாழ்ப்பாணத்தில கடை கடையாத் தேடி அலையிறதில பிரயோசனமும் இல்ல, ஆராவது வரேக்க கொண்டு வந்தாத்தான் உண்டு. அப்பிடி ரொறன்ரோவில இருக்கிற மாமாட்ட கேக்க முதல் உங்கட பிளேயரின்ர பின்பக்கத்தில உலக உருண்டை போட்டு எந்த எழுத்து இருக்கு எண்டு ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ.